வட்டத்தை எடுத்துவிட்டு எதைச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறீர்கள்?

கிரியேட்டிவ் கோடிங் (நிரல் எழுதிப் படமும் அசைவும் செய்வது) பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கு,

அடுத்த பேட்ச்சிலிருந்து ‘கோணமும் வட்டமும்’ என்ற 2 வாரப் பகுதி கிடையாது என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கைக்கு வந்தது. முக்கோணவியலும் போலார் ஆயத்தொலைவுகளும் மாணவர்களை மிரட்டுகின்றன, அந்த இடத்தில்தான் பலர் வகுப்பை விட்டு நிற்கிறார்கள், இதற்கெல்லாம் இப்போது லைப்ரரிகள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) இருக்கின்றன, போதாததற்கு ஏஐ எழுதித் தந்துவிடும். நீங்கள் சொல்லியிருக்கும் காரணங்கள் இவ்வளவுதான். அந்த 2 வாரங்களை 7 வருடமாக நடத்திவருவது நான். முடிவெடுக்கும் முன் என்னிடமோ, அதைப் படித்துவிட்டுப் போனவர்களிடமோ நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எல்லோரும் பார்க்க எழுத வேண்டியதாகிவிட்டது.

என் பக்கத்துத் தப்பை முதலில் ஒத்துக்கொள்கிறேன். முதல் 2 வருடம் நான் அந்தப் பகுதியைச் செங்கோண முக்கோணத்தில் தொடங்கினேன். கர்ணம், எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், எதை எதால் வகுத்தால் சைன், எதை எதால் வகுத்தால் காஸ் என்று பலகை நிறைய எழுதினேன். அதுவரை கலகலப்பாக இருந்த வகுப்பு சட்டென்று அடங்கிப்போகும். பள்ளிக்கூடத்தோடு தொலைந்தது என்று நினைத்த ஒன்று மறுபடியும் எதிரில் வந்து உட்கார்ந்ததுபோல் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. பள்ளியில் முக்கோணவியல் தேர்வில் கோட்டைவிட்டவர்களில் நானும் ஒருத்தி. தெரிந்திருந்தும் அதே வழியில்தான் சொல்லிக்கொடுத்தேன், வேறு வழி இருப்பதாக எனக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

ஆக, மாணவர்கள் பயப்படுகிறார்கள் என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பதில்தான் நீங்கள் தவறுகிறீர்கள்.

மூன்றாவது வருடம் ஒரு மாணவர் வீட்டுப்பாடமாக ஒரு வளையம் செய்து கொண்டுவந்தார். திரையின் நடுவைச் சுற்றி 12 புள்ளிகள், கடிகாரத்தின் எண்கள் மாதிரி. அவர் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தால் 24 எண்கள் கையால் தட்டப்பட்டிருந்தன. மேலே, கீழே, இடம், வலம் என்ற நான்கு புள்ளிகள் சரியாக உட்கார்ந்திருந்தன, ஏனென்றால் அவற்றுக்கு ஆரத்தைக் கூட்டிக் கழித்தால் போதும். மற்ற எட்டையும் காகிதத்தில் வரைந்து, ஸ்கேல் வைத்து அளந்து போட்டிருக்கிறார். ஒரு சாயங்காலம் முழுக்க ஆனதாம். வளையம் லேசாக முட்டை வடிவத்தில் இருந்தது, அவருக்கே அது தெரிந்திருந்தது. நான் குறை சொல்லவில்லை. “இதை 13 புள்ளி ஆக்க முடியுமா?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து வரணும்” என்றார்.

அன்றைக்குப் பலகையில் முக்கோணம் போடவில்லை. வழி கேட்பவரிடம் நாம் எப்படிச் சொல்கிறோம்? அந்தப் பக்கம் திரும்புங்கள், இவ்வளவு தூரம் போங்கள் என்றுதானே. திசை ஒன்று, தூரம் ஒன்று. போலார் என்பது அவ்வளவுதான், கோணமும் ஆரமும். ஆனால் திரைக்கு இந்தப் பேச்சு புரியாது. வலப்பக்கம் எத்தனை பிக்சல், கீழ்ப்பக்கம் எத்தனை பிக்சல் என்று கேட்கும். நம் பேச்சைத் திரையின் பேச்சுக்கு மாற்றிச் சொல்லும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள்தான் காஸும் சைனும். எக்ஸ் என்பது ஆரம் பெருக்கல் காஸ் கோணம். ஒய் என்பது ஆரம் பெருக்கல் சைன் கோணம். நடுப்புள்ளியின் எக்ஸ், ஒய் இரண்டையும் கூட்டிவிட்டால் முடிந்தது. 13 புள்ளி வேண்டுமா, 360-ஐ 13-ஆல் வகுத்துக் கிடைக்கும் கோணத்தை ஒவ்வொரு சுற்றிலும் கூட்டிக்கொண்டே போனால் சரி. 24 எண்கள் இருந்த இடத்தில் ஒரு லூப்பும் (திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை) மூன்று வரிகளும் வந்தன. அந்த மாணவர் 13-ஐ 50 ஆக்கினார், 500 ஆக்கினார், அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் ஆரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தார். சுருள் வந்தது. சுருள் வரும் என்று நான் சொல்லியிருக்கவே இல்லை.

அன்றிலிருந்து என் வகுப்பில் முக்கோணம் கடைசியில்தான் வருகிறது, சில வருடம் வருவதே இல்லை. வரலாறும் அந்த வரிசைதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கி.பி. 499-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில் 24 சைன் வேறுபாடுகள் ஒரே செய்யுளுக்குள் அடைபட்டிருக்கின்றன. அவற்றுக்கு அடிப்படையான ஆரம் 3438. விநோதமான எண்ணாகத் தெரியும். முழு வட்டத்தை 21,600 கலைகளாகப் பிரித்து (60 கலை ஒரு டிகிரி), அதை 2π-ஆல் வகுத்துப் பாருங்கள், 3438-க்கு வெகு பக்கத்தில் வந்து நிற்கும். அதாவது வட்டத்தின் விளிம்பை அளக்கிற அதே அலகால் ஆரத்தையும் அளந்திருக்கிறார்கள், ரேடியன் என்ற கோண அலகுக்குப் பின்னால் இருக்கும் எண்ணமும் அதுதான். சைனை அவர்கள் ஜ்யா என்றார்கள், வில்லின் நாண் என்று பொருள். அரபியில் ஜீபா ஆகி, உயிரெழுத்து இல்லாத எழுத்தில் ஜைப் என்று படிக்கப்பட்டு, அந்தச் சொல்லுக்கு மடிப்பு, வளைவு என்ற பொருள் இருந்ததால் லத்தீனில் சைனஸ் ஆகி, நம்மிடம் சைனாகத் திரும்பி வந்தது. வட்டத்தில் இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டை இன்னமும் நாண் என்றுதான் நம் பாடப்புத்தகம் சொல்கிறது. வானத்தைப் பார்த்து, வட்டத்தில் பிறந்த விஷயம் இது. அதை முக்கோணத்துக்குள் தள்ளி மனப்பாடமாக்கி மிரட்டியவர்கள் நாம்தான்.

சரி, இப்போது உங்கள் புதிய அட்டவணைக்கு வருகிறேன். 5, 6-ஆம் வாரங்களை எடுத்துவிட்டீர்கள். ஆனால் 9-ஆம் வாரத்தில் ஃப்ளோ ஃபீல்ட் (இடத்துக்கு இடம் மாறும் திசைகளின் வழியே துகள்கள் ஓடும் படம்) அப்படியே இருக்கிறது. 11-ஆம் வாரத்தில் முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்ளும் லூப் அனிமேஷன் இருக்கிறது. அட்டவணையைத் தயாரித்தவர்கள் இந்த இரண்டையும் தாங்களே ஒரு தடவை எழுதிப் பார்த்தார்களா என்று மரியாதையோடு கேட்கிறேன்.

ஃப்ளோ ஃபீல்டில் நடப்பது என்ன? திரையின் ஒவ்வொரு இடத்திலும் பெர்லின் நாய்ஸிலிருந்து (பக்கத்துப் பக்கத்து இடங்களில் மெல்ல மாறும் ரேண்டம் எண்கள்) 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண் வருகிறது. அதை 2π-ஆல் (ரேடியனில் ஒரு முழுச் சுற்று) பெருக்கினால் அது ஒரு திசை. அந்தத் திசையின் காஸையும் சைனையும் எடுத்தால் அது துகள் வைக்க வேண்டிய அடுத்த அடி. இந்த மூன்று வரிகளை நீக்கிவிட்டால் ஃப்ளோ ஃபீல்டில் மிச்சம் எதுவும் இல்லை. லூப் அனிமேஷன் அதைவிட வேடிக்கை. நாய்ஸுக்குள் நேர்க்கோட்டில் நடந்துகொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பவே மாட்டோம், அதனால் கடைசி ஃப்ரேமிலிருந்து முதல் ஃப்ரேமுக்குத் தாவும்போது படம் குதிக்கும். அந்த நாய்ஸுக்குள் ஒரு வட்டமாக நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவோம், குதிப்பு இருக்காது. கண்ணுக்குத் தெரியாத வட்டம் அது, திரையில் எங்கேயும் வரையப்படாதது. 5-ஆம் வாரத்தில் புள்ளி வளையம் செய்த மாணவருக்கு இது ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். அந்த வாரம் இல்லாதவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவார். ஒட்டினது ஓடும். வேகத்தைக் குறைக்கச் சொன்னால் எந்த எண்ணில் கைவைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

லைப்ரரி இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறது, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ப்ராசஸிங் என்ற நிரல் கருவியை 2001-ல் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் தொடங்கியதே கணினி படிக்காதவர்களும் நிரல் எழுதிப் படம் வரையட்டும் என்றுதான், அதன் வழியில் வந்த பி5.ஜேஎஸ்ஸுக்கும் நோக்கம் அதுதான். அந்த இரண்டிலும் சைனும் காஸும் ஏடேன்2-வும் (ஒரு புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லும் கட்டளை) வட்டம் வரையும் கட்டளைக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. எளிமையாக்க வேண்டும் என்று உட்கார்ந்தவர்களே இவற்றை வெளியே தள்ளவில்லை.

ரொடேட் கட்டளை போதாதா என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். ரொடேட் புள்ளியை நகர்த்தாது, காகிதத்தைத் திருப்பும். ஒரு பூவைச் சாய்த்து வைக்க அது போதும், நல்ல கட்டளைதான். ஆனால் வளையத்தின் 3-ஆம் புள்ளியிலிருந்து 8-ஆம் புள்ளிக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும், அல்லது சுற்றிவரும் ஒரு புள்ளியைப் பார்வையாளர் தொட்டாரா என்று பார்க்க வேண்டும் என்றால், அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்ற எண் கையில் வேண்டும். அதைத் தருவது அந்த இரண்டு வரிகள்தான்.

சூரியகாந்தி விதைகள் உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நீங்கள் சொல்லும் ஆயத்த லைப்ரரிகளில் ஒரே கட்டளையாகக் கிடைக்கிறது. 1979-ல் ஹெல்முட் வோகல் தந்த சூத்திரம் அது. ஒவ்வொரு விதைக்கும் கோணத்தை 137.5 டிகிரி கூட்டு, ஆரத்தை விதை எண்ணின் வர்க்கமூலமாக வை. கட்டளையைக் கூப்பிட்டால் அழகான படம் வரும், மாணவர் கைதட்டுவார், கதை முடிந்தது. சூத்திரத்தைத் தானே எழுதியவர் அங்கே நிற்கமாட்டார். 137.5-ஐ 137.3 ஆக்கிப் பார்ப்பார். சுருள்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நடுவில் கீற்றுக் கீற்றாக வெற்றிடம் விழும். 90 ஆக்குவார், நான்கு கை வரும். அப்புறம் வர்க்கமூலத்தை எடுத்துவிட்டு நேராகப் பெருக்கிப் பார்ப்பார், நடுவில் நெரிசலும் ஓரத்தில் வெறிச்சும் ஆகும். அந்த நெரிசல் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் வகுப்புக்கே போகிறேன்.

போன பேட்ச்சில் அதே கேள்வி வேறொரு வாசல் வழியாக வந்தது. வட்டத்துக்குள் 5,000 புள்ளிகளைச் சமமாகத் தூவ வேண்டும். ஒரு மாணவி கோணத்தை ரேண்டமாக எடுத்தார், ஆரத்தையும் 0-லிருந்து 300 வரை ரேண்டமாக எடுத்தார். பார்த்தால் நடுவில் புள்ளிகள் அப்பிக்கிடக்கின்றன. ரேண்டம் கட்டளையில் கோளாறு என்று முடிவுகட்டி, ஏஐயிடம் கேட்டு நான்கு தடவை மாற்றியும் பார்த்துவிட்டார். அவர் கேட்டது “நடுவில் குறைவாகப் போடு” என்பது, அதுவும் அப்படியே நடுவில் ஓட்டை போட்டுக் கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வட்டத்துக்குள் பாதி ஆரத்தில் இன்னொரு வட்டம் வரைந்தேன். பாதிப் புள்ளிகளின் ஆரம் 150-க்குள் விழும், அதாவது உள்வட்டத்துக்குள். ஆனால் உள்வட்டத்தின் பரப்பு மொத்தத்தில் எவ்வளவு? கால்வாசி. கால்வாசி இடத்தில் பாதிக் கூட்டம் நின்றால் நெரியாமல் என்ன செய்யும். அவரே கொஞ்சம் யோசித்து, 0-லிருந்து 1 வரை எடுத்த ரேண்டத்துக்கு வர்க்கமூலம் போட்டு 300-ஆல் பெருக்கினார். திரை சமமாக நிரம்பியது.

ஏஐ மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் எது தப்பு என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அது வேலைசெய்கிறது. 30-க்கு சைன் கேட்டால் 0.5 வரும் என்று பள்ளியில் படித்திருப்போம். நிரலில் கேட்டால் −0.988 வரும், ஏனென்றால் அது 30 டிகிரி அல்ல, 30 ரேடியன். ஒரு தடவை இதில் அடிபட்டவர் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார். அடிபடாதவர் படம் ஏன் கோணல் என்று இரண்டு நாள் தேடுவார். மீனுக்கும் இதே கதைதான். மவுஸைப் பார்த்துத் திரும்பும் ஒரு மீன், ஏடேன்2-வால் திசை கண்டுபிடித்து, மெதுவாக அந்தத் திசைக்குச் சாய வேண்டும். எல்லாப் பக்கமும் ஒழுங்காகத் திரும்பும். மவுஸ் மீனின் இடப்பக்கம் போய் நேர்மட்டத்தைக் கடக்கும்போது மட்டும் மீன் ஒரு முழுக் கரணம் அடிக்கும். ஏடேன்2 தரும் விடை 180-லிருந்து −180-க்குத் தாவுகிற இடம் அதுதான். இரண்டும் ஒரே திசை என்று நமக்குத் தெரியும், 360 டிகிரி வித்தியாசம் என்று மீனுக்குத் தோன்றும். லைப்ரரியில் பிழை என்று எனக்கு வந்த புகார்களில் இதைப்போல் அடிக்கடி வருவது வேறொன்றில்லை. (ஏடேன்2-வில் ஒய் முதலில், எக்ஸ் அப்புறம். மாற்றிப் போட்டுவிட்டு வருபவர்கள் தனிக் கூட்டம்.)

மாணவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். நின்றுபோன சிலரோடு நானே போனில் பேசினேன். வளையமும் சுருளும் செய்த நாட்களைப் பற்றிக் குறை சொன்னவர் யாரும் இல்லை. 6-ஆம் வாரக் கடைசியில் நீங்கள் வைக்கச் சொன்ன எழுத்துத் தேர்வைப் பற்றித்தான் பேசினார்கள். கணினி இல்லாமல், காகிதத்தில், முற்றொருமைகளை நிறுவுக என்று தொடங்கும் தேர்வு அது. என் வகுப்பில் ஒரு நாளும் நான் நடத்தாத விஷயம். அதை எடுத்துவிடச் சொல்லி முன்பே இரண்டு தடவை எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. இப்போது தேர்வோடு சேர்த்துப் பாடத்தையே எடுத்திருக்கிறீர்கள்.

எனக்கே இது பிடிபட்ட நாளைச் சொன்னால்தான் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று புரியும். ஒரு வட்டத்தின் அளவை மாற்றப் போய், ஃப்ரேம் எண்ணை 0.05-ஆல் பெருக்கி சைனுக்குள் போட்டுவிட்டேன், எங்கேயோ பார்த்த நினைவில். வட்டம் மெல்ல விரிந்து, நின்று, சுருங்கி, மறுபடி விரிந்தது. மூச்சு விடுகிற மாதிரி. அதுவரை நான் அளவைக் கூட்டிக் கழித்துச் செய்த அசைவெல்லாம் சுவரில் முட்டித் திரும்புவதுபோல் இருக்கும், இது ஓரத்தில் தயங்கித் திரும்பியது. ஒரு மூச்சுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டேன். சைன் ஒரு சுற்று முடிய சுமார் 6.28 வேண்டும், அதை 0.05-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 126 ஃப்ரேம், நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 2 நொடிக்குச் சற்று மேல். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. தேர்வில் எனக்கு மதிப்பெண் தராத அந்தச் சைன் இப்படி அசையும் என்று யாரும் சொன்னதில்லை. வரப்போகிற மாணவர்களுக்கும் யாரும் சொல்லாமல் போகட்டும் என்று நீங்கள் தீர்மானித்திருக்கிறீர்கள். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் கேட்பவை இவை. அடுத்த பேட்ச் தொடங்கும் முன் அந்த 2 வாரங்களையும் திரும்ப அட்டவணையில் சேருங்கள். 2 வாரம் முடியவே முடியாது என்றால் 9-ஆம், 11-ஆம் வாரங்களையும் எடுத்துவிடுங்கள், அடித்தளம் இல்லாத மாடியை என்னால் நடத்த முடியாது. வரிசையை எழுத்திலேயே மாற்றுங்கள்: வளையம், சுருள், அலை, திசை என்று போகட்டும், முக்கோண வரையறைகள் விருப்பப் பாடமாக இருக்கட்டும். 6-ஆம் வார எழுத்துத் தேர்வை ரத்துசெய்துவிட்டு, மாணவர் தானே செய்த ஒரு படத்தையும், அதில் ஏதேனும் ஓர் எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லும் விளக்கத்தையும் மதிப்பிடுங்கள். எந்த வாரத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்று உங்களிடம் இருக்கும் கணக்கை வகுப்பு எடுக்கும் எங்களுக்குக் காட்டுங்கள், நான் சொல்வது தப்பென்றால் அதிலேயே தெரிந்துவிடும். புதிய அட்டவணை அச்சுக்குப் போகும் முன் எழுத்தில் பதில் தாருங்கள்.

இன்னொன்று. இதை முடிவுசெய்யும் கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முடிவில் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் ஒரு லேப்டாப்போடு வாருங்கள். சைனும் காஸும் தொடாமல், லைப்ரரி இல்லாமல், 12 புள்ளிகளை வளையமாக வையுங்கள். வைத்து முடித்ததும் அதை 13 ஆக்கச் சொல்வேன்.

— அந்த 2 வாரங்களை நடத்திவரும் ஆசிரியை